மூன்ரூஃப் கோணலாக மாட்டிக்கொண்டால்: முதலில் மூடுங்கள், திறப்பதைப் பிறகு பார்க்கலாம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஹூஸ்டன் பக்கம் இருக்கிறீர்கள். போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2012 மாடல் க்ரூ கேப் (நாலு கதவு) பிக்கப். பேர்லண்ட் மீனாட்சி கோயிலிலிருந்து வீடு திரும்பும்போது குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று மூன்ரூஃபை, அதாவது கூரையில் நகரும் கண்ணாடியை, திறந்தீர்கள். மூடும்போது ‘கடக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடியின் இடது பக்கம் முன்னால் வந்தது, வலது பக்கம் வரவில்லை. இப்போது நாலு விரல் இடைவெளியோடு கோணலாக நிற்கிறது, ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறது. டீலரிடம் காட்டியதில் முழு அசெம்பிளியையும் மாற்ற வேண்டும், 2,800 டாலர் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மோட்டார் போய்விட்டதா, நானே மூட முடியுமா, இத்தனை செலவு செய்வது தகுமா என்று முக்கியமாக மூன்று கேள்விகள். நடுவில் போகிற போக்கில் ‘வியாழக்கிழமை மழை என்கிறார்கள்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உங்கள் முதல் கேள்வி. மற்ற மூன்றும் மழைக்கு அப்புறம் நிதானமாகப் பேச வேண்டியவை.

நான் வண்டியின் உள்வேலை பார்க்கிறவன். கதவு பேனல், சீட், கூரையின் உள்பக்கத் துணி, மூன்ரூஃப், கண்ணாடி இவைதான் பல வருடமாக என் பிழைப்பு. எஞ்சின் பற்றிக் கேட்டால் வேறு ஆளைக் காட்டுவேன். உங்கள் வண்டியைப் பார்க்காமல் எந்தத் துண்டு உடைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் என்ன வகைக் கோளாறு என்பதை நீங்கள் எழுதியதை வைத்தே ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பிராண்டு பெயரை நீங்கள் எழுதியிருந்தாலும் அதை நான் இங்கே பேசப்போவதில்லை. காரணம், வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் மூன்ரூஃபைத் தாங்களே செய்வதில்லை. வெபாஸ்டோ, இனல்ஃபா மாதிரி இதற்கென்றே இருக்கும் கம்பெனிகளிடம் ரெடிமேடாக வாங்கிப் பொருத்துகிறார்கள். வெளியே எந்த லோகோ ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் சங்கதி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் வேலை, ஸ்விட்சைத் தொடாமல் இருப்பது. இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்போமே என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். உங்கள் வீட்டில் குழந்தைகள் வேறு இருக்கிறார்கள். அவர்களையும் தொட விடாதீர்கள். ஏன் என்பதைச் சொல்ல உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு அலுமினிய ட்ராக். ஒவ்வொரு ட்ராக்கிலும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஒரு தூக்குக்கை. அந்தக் கையின் அடியில் பிளாஸ்டிக் ஷூ ஒன்று, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதுதான் ட்ராக்கில் வழுக்கிப் போகிறது. அதைத் தள்ளுவது ஒரு விறைப்பான ஸ்டீல் கேபிள். கேபிளைச் சுற்றி ஸ்க்ரூ மரை போலக் கம்பி சுற்றியிருக்கும், அந்த மரையில் மோட்டாரின் பல்சக்கரம் கடித்து ஓட்டும். மோட்டார் ஒன்று, கேபிள் இரண்டு. ஒரே சக்கரம் இரண்டு கேபிளையும் ஒரே அளவு நகர்த்துவதால்தான் கண்ணாடி நேராகப் போய்வருகிறது. ஒரு பக்கத்து ஷூ உடைந்தாலோ, கேபிள் அதிலிருந்து கழன்றாலோ, மோட்டாருக்கு அது தெரியாது. நல்ல பக்கத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தேரின் ஒரு வடம் அறுந்தபிறகும் மறு வடத்தை இழுத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். கண்ணாடி குறுக்கே திரும்பி இறுகிக்கொள்கிறது. அதற்கு மேலும் தள்ளினால் நல்ல பக்கத்து ஷூவும் உடையும், ட்ராக்கின் உதடு வளையும், கேபிள் மரை தேயும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டோடு முடிந்திருக்க வேண்டியது முழு அசெம்பிளியில் போய் நிற்பது பெரும்பாலும் இந்தக் கூடுதல் அழுத்தல்களால்தான்.

மூடும்போது ஏன் உடைந்தது, திறக்கும்போது ஏன் உடையவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். கண்ணாடி திறக்கும்போது பின்விளிம்பு கீழே இறங்கி, பிறகு கூரைக்கு அடியில் பின்னால் போகிறது. மூடும்போது முன்னால் வந்து, கடைசியில் மேலே எழும்பி ரப்பர் பீடிங்கில் அழுந்த வேண்டும். ஷூவும் கையும் அதிகம் பாடுபடுவது அந்த இடத்தை ஒட்டித்தான். உங்களுடையது அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டதால், ட்ராக்கில் ஏதாவது சிக்கியதா, ஷூ ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததா என்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். டெக்சாஸ் வெயிலில் பல வருடம் வெந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகிவிடும் என்பது மட்டும் நிச்சயம். ஓக் மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவர் என்றால், அதன் பூந்துகளும் சருகும் பழைய கிரீஸில் ஒட்டி ட்ராக்கில் களிம்பாகப் படிந்திருக்கும்.

மோட்டார் கேள்விக்கு வருகிறேன். மோட்டார் உறுமுகிறது என்றால் ஃப்யூஸ், ஸ்விட்ச், வயரிங் மூன்றும் வேலை செய்கின்றன, மோட்டாரும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரிக் கேஸ்களில் மோட்டாரை மாற்றச் சொல்கிறவர்களிடம் காரணம் கேளுங்கள். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்: ஸ்விட்சை அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் முதலில் ஃப்யூஸ், அடுத்து ஸ்விட்ச், அப்புறம்தான் மோட்டார். மோட்டார் சுகமாக ஓடுகிறது, கண்ணாடி அசையவே இல்லை என்றால் பல்சக்கரமோ கேபிளோ தேய்ந்திருக்கும். கண்ணாடி மூடிக்கொண்டே வந்து தானாகத் திரும்பத் திறந்துகொள்கிறது என்றால் பல நேரம் உடைசலே இருக்காது. விரல் நசுங்காமல் இருக்க வைத்திருக்கும் பாதுகாப்பு, ஏதோ தடை இருப்பதாக எண்ணித் திரும்புகிறது. ட்ராக்கைத் துடைத்து, ஓனர் மேனுவலில் சொல்லியிருக்கும் முறைப்படி எது மூடிய நிலை என்று மோட்டாருக்கு மறுபடி கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டியபிறகு சில வண்டிகளில் இந்தத் தொல்லை வரும். ‘கடக்’ சத்தமும் கோணலும் சேர்ந்து வந்தால் அது ட்ராக் பக்கத்துக் கோளாறு. உங்களுடையது அதுதான்.

சரி, மூடுவது எப்படி. சில வண்டிகளில் முன்சீட்டுக்கு மேலே உள்விளக்கு இருக்கும் மேல் கன்சோலைக் கழற்றினால் மோட்டாரில் ஆலன் கீ போடும் துளை இருக்கும், கையால் திருகி மூடலாம். யூட்யூப் பார்த்துவிட்டு அதைச் செய்யப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மோட்டார் செத்து, ட்ராக் நன்றாக இருக்கும்போது உதவும் வழி அது. உங்கள் வண்டியில் நீங்கள் ஆலன் கீயால் திருகினாலும் அதே சக்கரம் அதே இடது கேபிளைத்தான் தள்ளும், கோணல் இன்னும் இறுகும்.

உங்களுக்கு ஏற்ற வழி, கண்ணாடியை ட்ராக்கிலிருந்து விடுவிப்பது. இரண்டு பேர் வேண்டும். வண்டியைச் சமதளத்தில், நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடி சுட்டுக்கொண்டிருந்தால் ஆறவிடுங்கள். உள்பக்கத்து ஷேடைப் பின்னால் தள்ளினால், கண்ணாடியின் இரு ஓரத்திலும் ஒரு மடிப்பு ரப்பரோ பிளாஸ்டிக் மூடியோ தெரியும். அதை மெதுவாக நெம்பி எடுங்கள், அவசரப்பட்டால் கொக்கி ஒடியும். உள்ளே பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ ஸ்க்ரூ, பெரும்பாலும் நட்சத்திரத் தலை உள்ள டார்க்ஸ் டி25. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளைகள் நீள்துளைகள், கண்ணாடியின் உயரத்தைச் சரிசெய்வதற்காக வைத்தவை. கோடு போடாமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது உயரம் தவறி, ஹைவேயில் காற்று ஊளையிடும்.

ஸ்க்ரூ எல்லாம் வந்தபிறகு ஒருவர் உள்ளிருந்து தூக்க, மற்றவர் வெளியிலிருந்து வாங்க வேண்டும். பிக்கப் உயரமான வண்டி. பின்பக்கத் தொட்டியின் விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஏணி போட்டு நில்லுங்கள். கண்ணாடி பார்ப்பதற்கு லேசாக இருந்தாலும் நல்ல எடை இருக்கும். பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. முகப்பில் எவ்வளவு தட்டினாலும் தாங்கும், விளிம்பு சிமென்ட் தரையில் பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதனால் கீழே பழைய போர்வையை விரித்துவைத்து அதன்மேல் படுக்கவையுங்கள். கண்ணாடி சாய்ந்து இறுகி ஸ்க்ரூவுக்கு வழி விடவில்லை என்றால் அடிக்கவோ நெம்பவோ போகாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் பாலிதீன் ஷீட்டால் மூடுவதுதான் சரி. அதைக் கீழே சொல்கிறேன்.

கண்ணாடி வெளியே வந்துவிட்டால் வலது ட்ராக் முழுதாகத் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த பிளாஸ்டிக் துண்டு எங்கேயாவது கிடக்கும். ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள், பிறகு எந்த பாகம் வாங்குவது என்று முடிவு செய்ய அதுதான் சாட்சி. அடுத்து மேல் கன்சோலை இறக்கி, மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கி, மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மோட்டார் விலகியதும் இரண்டு கேபிளும் சுதந்திரமாகிவிடும். இரண்டு பக்கத்து நகரும் பாகங்களையும் கையால் ஒரே மாதிரி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடியைப் பழைய கோட்டில் மாட்டுங்கள். முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் தாழ்வாகவோ இருக்க வேண்டும், பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உயர்வாகவோ இருக்கலாம். விரல் நுனியால் தடவினாலே தெரியும்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. கண்ணாடி மூடியாயிற்று, மோட்டார்தான் தேவையில்லையே என்று அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். மோட்டாருக்குள் இருப்பது புழுப்பற்சக்கரம். அதை மோட்டார் பக்கத்திலிருந்துதான் சுழற்ற முடியும், கண்ணாடிப் பக்கத்திலிருந்து தள்ளினால் அசையாது. அதாவது கண்ணாடியைப் பூட்டி வைத்திருப்பதே மோட்டார்தான். அது இல்லாவிட்டால் பிரேக்கை மிதிக்கும்போதோ, 70 மைல் வேகத்தில் காற்று உறிஞ்சும்போதோ கண்ணாடி நகரலாம். அதனால் மோட்டாரைத் திரும்ப மாட்டுங்கள், மின் இணைப்பை மட்டும் கொடுக்காமல் விடுங்கள். ஃப்யூஸைப் பிடுங்கினால் போதாதா என்றால், சில வண்டிகளில் அதே ஃப்யூஸில் வேறு சாதனங்களும் இருக்கும். இணைப்பைக் கழற்றி டேப் சுற்றிவிடுவதுதான் சுத்தம். ஷூ உடைந்த வலது பக்கத்தைக் கேபிள் பிடிக்காது என்பதால், அந்தப் பக்கத்து நகரும் பாகத்தின் பின்னால் ட்ராக்கில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கட்டையை இறுக்கமாகச் செருகித் தடுத்துவிடுங்கள். தூக்குக்கையே உடைந்து அந்த மூலை கையால் தள்ளினால் ஆடுகிறது என்றால், கண்ணாடியை வைத்துக்கொண்டு ஹைவேயில் ஏறக் கூடாது. இதில் சமரசம் கிடையாது, பின்னால் வருகிறவர் தலையில் போய் விழும்.

ஒரு எச்சரிக்கை. மேல் கன்சோலைக் கழற்றுவதோடு உங்கள் வேலை முடிந்துவிட வேண்டும். கூரைத் துணியின் ஓரங்களை இழுத்துப் பார்ப்பது, விண்ட்ஷீல்டு ஓரத்து முன்தூணின் மூடியைப் பிடுங்குவது எல்லாம் வேண்டாம். உங்கள் வருடத்து க்ரூ கேப்களில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கூரையின் ஓரத்தில்தான் சுருண்டு கிடக்கிறது. பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து அதைக் கையாளும் முறை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் என்னால் ஆகாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, வியாழக்கிழமைக்குள் திறப்பை மூடி வைத்தால் போதும். கனமான பாலிதீன் ஷீட்டைத் திறப்பைவிட நாலு பக்கமும் தாராளமாக வெட்டுங்கள். கூரையைத் துடைத்துக் காயவிட்டு, பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப்பை முதலில் பெயின்ட் மேல் ஒட்டி, அதன்மேல்தான் பலமான டேப்பை ஒட்ட வேண்டும். டக்ட் டேப்பை நேரடியாகப் பெயின்டில் ஒட்டி ஹூஸ்டன் வெயிலில் ஒரு வாரம் விட்டால், பசை தனியாக நின்றுவிடும். முன்விளிம்பில் ஷீட்டை மடித்து இரட்டை டேப் போடுங்கள், காற்று அங்கிருந்துதான் பிய்க்கும். இந்தக் கோலத்தில் ஊருக்குள் மெதுவாக ஓட்டலாம், ஹைவே வேண்டாம்.

மழை போனபிறகு இரண்டாவது பிரச்சினை தலைகாட்டலாம்: ‘மூடித்தானே இருக்கிறது, ஏன் ஒழுகுகிறது?’ மூன்ரூஃபின் ரப்பர் பீடிங் தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்காகச் செய்ததல்ல. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது, அதில் விழுந்து நாலு மூலைக் குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். முன்குழாய்கள் முன்தூண் வழியாக இறங்கும், பின்குழாய்கள் கேபின் பின்மூலை வழியாக இறங்கும். குழாய் அடைத்துக்கொண்டால் வாய்க்கால் நிரம்பித் துணிக்கு மேல் வழியும். சோதிப்பது சுலபம். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு மூலையில் மெதுவாக ஊற்றி, வண்டிக்கு அடியில் அந்தப் பக்கம் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பைக் குழாய்க்குள் பொறுமையாக விட்டு இழுங்கள். கம்பி விட்டால் குழாய் கிழியும். கம்ப்ரசர் காற்றைப் பலமாக அடித்தால் குழாய் துணிக்கு மேலேயே எங்கேயாவது கழன்றுகொள்ளும். அப்புறம் முழுத் துணியையும் இறக்கினால்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிக்கப்புக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. கேபினின் பின்பக்கம் மேலே நடுவில், தொட்டிக்கு வெளிச்சம் காட்டும் விளக்கும் மூன்றாவது பிரேக் விளக்கும் சேர்ந்து இருக்கிறதல்லவா, அதன் பின்னால் இருக்கும் ஃபோம் காஸ்கெட் காலப்போக்கில் நசுங்கித் தண்ணீர் விடும். பின்சீட்டுக்கு மேலே துணியின் நடுவில் நனைந்திருந்தால் மூன்ரூஃபைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்த விளக்கைப் பாருங்கள். நகரும் பின்கண்ணாடி உள்ள வண்டி என்றால் அதன் ஃப்ரேமும் ஒழுகும். அந்தத் தண்ணீர் பின்சுவர் வழியே இறங்கி, சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி வைத்திருக்கும் இடத்தில் தேங்கும். முன்தூணும் முன்பக்கத் தரை விரிப்பும் நனைந்தால் முன்குழாய், இல்லாவிட்டால் விண்ட்ஷீல்டு ஓரம். தண்ணீர் துணியின் மேல் நடந்து எங்கோ போய்ச் சொட்டும் என்பதால், சொட்டுகிற இடத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, மற்றவர் ஹோஸ் பைப்பை முதலில் தாழ்வான இடத்தில், பிறகு மேலே மேலே என்று ஒவ்வொரு இடமாகப் பிடிக்க வேண்டும். ஒரேயடியாகக் கூரைமேல் பிடித்தால் எல்லாம் நனையும், எதுவும் தெரியாது.

உள்ளே தண்ணீர் போயிருந்தால் தரைக் கார்பெட்டைத் தூக்கி அடியிலிருக்கும் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் பிழிந்தால் வழியும். ஹூஸ்டன் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்க வெகுநேரம் ஆகாது. அப்படிப் பார்க்கும்போது சீட் தண்டவாளத்தின் அடியிலோ வயர்க் கட்டுக்குள்ளோ வண்டல் மண் படிந்திருந்தால் அது கூரைத் தண்ணீர் இல்லை, வெள்ளத் தண்ணீர். 2017 ஹார்வி வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது 2,800 டாலருக்கு வருவோம். டீலர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். பல மாடல்களுக்குக் கம்பெனிப் பட்டியலில் அந்த ஷூ தனியாகவே கிடைக்காது, ட்ராக்கும் கேபிளும் ஃப்ரேமும் சேர்ந்த அசெம்பிளியாகத்தான் வரும். அதை மாற்றக் கூரைத் துணியை இறக்க வேண்டும், அதற்குத் தூண் மூடிகள், கைப்பிடிகள், சன்வைஸர் எல்லாம் வெளியே வர வேண்டும். கூலியே பெரும்பங்கு. ஆனால் உங்களுக்கு வேறு வழிகளும் உண்டு. வெளிச்சந்தையில் பல பிக்கப்களுக்கு ஷூவும் தூக்குக்கையும் மட்டும் உள்ள ரிப்பேர் கிட் கிடைக்கிறது, விலை அசெம்பிளியில் ஒரு சிறு பங்குதான். ட்ராக் வளையாமல், கேபிள் மரை நன்றாக இருந்தால் கிட் போதும். வளைந்திருந்தால் புதுத் துண்டும் சீக்கிரம் உடையும். கிட்டின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகிறது. பிளாஸ்டிக்குக்குப் பதில் உலோகத்தில் செய்தது கிடைத்தால் அதை எடுக்கச் சொல்வேன். இன்னொன்று சால்வேஜ் யார்டிலிருந்து (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம்) முழு அசெம்பிளி. உங்கள் வண்டி அளவுக்கே வயதான பிளாஸ்டிக்தான் அதிலும் இருக்கும் என்பதால் அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. யாரிடம் கொடுத்தாலும் இரண்டு விஷயம் கேளுங்கள்: மோட்டாரை மூடிய நிலையில் வைத்து நிலையைக் கற்றுக்கொடுப்பீர்களா, துணியை ஏற்றுவதற்கு முன் நாலு குழாயிலும் தண்ணீர் ஊற்றிக் காட்டுவீர்களா. இரண்டாவது கேள்விக்கு முகம் சுளிக்கிற கடையில் கொடுக்காதீர்கள்.

என் வண்டியாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நிரந்தரமாக மூடிவிடுவேன். குழந்தைகளுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் இந்த வயதுப் பிக்கப்புக்கு 2,800 டாலர் செலவு செய்ய டயரும் பிரேக்கும் ட்ரான்ஸ்மிஷன் ஆயிலும் வரிசையில் நிற்கின்றன. மேலே சொன்னபடி மூடி, இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, இணைப்பைக் கழற்றிவிட்டால் அதுவே முழு ரிப்பேர்தான். வெளிச்சம் வரும், ஷேடும் நகரும், திறக்க மட்டும் முடியாது. ஆனால் சுற்றிலும் சிலிக்கோன் பூசி அடைக்க வேண்டாம். சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டாது, அது எங்கேயாவது விரிந்து தண்ணீர் விடும், நாளைக்கு யாராவது சரிசெய்ய வந்தால் உங்களைத் திட்டிக்கொண்டே வேலை செய்வார். நிரந்தரமாக மூடினாலும் குழாய்களை வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வரி. ஆலங்கட்டியோ மரக்கிளையோ விழுந்து கண்ணாடி உடைந்தால் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பொதுவாகக் கொடுக்கும், நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள் போக. தேய்ந்து உடைந்த பாகத்துக்குக் கொடுக்கமாட்டார்கள். ‘ஏதோ வந்து விழுந்தது என்று சொல்லிவிடலாமா’ என்று உங்கள் கேள்விக்குக் கீழே கமெண்டில் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார், அது மோசடி. வண்டி வாங்கும்போது எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால் அந்தக் காகிதத்தை எடுத்துப் படியுங்கள். பவர்ட்ரெயின் (எஞ்சின், ட்ரான்ஸ்மிஷன்) மட்டும் என்று இருந்தால் வீண். விலக்குகளின் பட்டியல் மட்டும் உள்ள வகை என்றால் அதில் மூன்ரூஃப் ட்ராக் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்ரூஃப் இன்னும் நன்றாக வேலை செய்கிறவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை ட்ராக்கைத் துணியால் துடைத்து, பழைய கிரீஸை எடுத்துவிட்டு மெல்லிசாகப் புதிது தடவினால் போதும். ரப்பருக்கு ஷின்-எட்சு மாதிரி சிலிக்கோன் கிரீஸ் நல்லது, பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். உறைபனி விழுந்த காலையில் ஸ்விட்சை அழுத்தாதீர்கள். 2021 பிப்ரவரியில் ஹூஸ்டனே உறைந்தது நினைவிருக்கும், அந்த மாதிரி நாளில் கண்ணாடி ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும், மோட்டார் இழுத்தால் போவது தூக்குக்கைதான்.

அடுத்த வண்டி பனோரமிக் ரூஃப் உள்ளதாக வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பிக்கப்பில் அந்தப் பெரிய இரட்டைக் கண்ணாடி ஃபோர்டு எஃப்-150இல் 2015 மாடலிலும், ராம் 1500இல் 2019 மாடலிலும் வந்தது. முன்கண்ணாடி நகரும், பின்கண்ணாடி நகராது. திறப்பு பெரிது, ட்ராக் நீளம், ஷேடுக்கும் தனியாக மோட்டார் இருக்கலாம். கெட்டுப்போகக்கூடியவை அத்தனையும் கூடுதல். அழகாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பழைய வண்டியாக வாங்கினால் எஞ்சினை அணைத்து, ரேடியோ இல்லாமல், முழுக்கத் திறந்து மூடி, சாய்த்து, ஷேடையும் ஓட்டிக் காதால் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். பின்மூலைத் துணியில் மஞ்சள் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதே விலையில் சாதாரணக் கூரையோடு ஒன்று கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கண்ணாடியைக் கழற்றினால் வலது ட்ராக்கை நேர் மேலிருந்து ஒரு படம், பொறுக்கிய துண்டுகளை ஒரு ரூலர் பக்கத்தில் வைத்து ஒரு படம், கேபிள் நுனியைக் கிட்டத்தில் ஒரு படம் இங்கே போடுங்கள். கிட் போதுமா, ட்ராக்கும் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்கிறேன்.